வெளிச்சுவர் கழுவப் போகிறீர்களா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பிரஷர் வாஷர் கையேடு

குமரி மாவட்டத்தில் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்து மூன்று வருஷம் நிறம் மாறாமல் நின்றால், பக்கத்து வீட்டுக்காரர் வந்து எந்தக் கம்பெனி பெயின்ட் என்று விசாரித்துவிட்டுப் போவார். ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை ஓய்ந்து சுவர் சரியாகக் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு மழை வந்துவிடும். அதனால் சன்ஷேடுக்குக் கீழே கருப்புக் கோடுகள், மதிலில் பச்சைப் பாசி, முற்றத்தில் கால் வைத்தால் வழுக்கல். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்தின் நிழலில் இருக்கும் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்போது ஆன்லைனில் சின்ன பிரஷர் வாஷர்கள் எளிதாகக் கிடைக்கின்றன. வண்டி கழுவ வாங்கியவர்கள், வாட்டர் சர்வீஸ் கடையில் சேறு தெறித்து ஓடுவதைப் பார்த்த ஞாபகத்தில், அதையே சுவர்ப் பக்கம் திருப்புகிறார்கள். அங்கேதான் சிக்கல். காரில் இருப்பது வெறும் சேறு. சுவரில் இருக்கும் கருப்பும் பச்சையும் பாசியும் பூஞ்சையும், அதாவது உயிருள்ளவை. தண்ணீர் வேகத்தில் மேலே தெரிவது போய்விடும். பெயின்டின் நுண்துளைகளுக்குள் இருப்பது அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு அந்த வேகத்தில் பெயின்டின் மேல்தோலும் கொஞ்சம் தேய்ந்து, அடுத்த மழைக்குப் பாசி இன்னும் வசதியாக உட்காரும். ஆகவே பாசியை முதலில் மருந்தடித்துக் கொல்ல வேண்டும், அப்புறம் மெஷினால் அலச வேண்டும். மருந்துக்கு முக்கால் பங்கு வேலை, மெஷினுக்குக் கால் பங்கு. கீழே சொல்லும் எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

மெஷினை எடுக்கும் முன் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். நாலு பக்கச் சுவரிலும் உள்ளங்கையை அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளையாகப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்போ, சிமென்ட் பெயின்டோ, ஆயுள் முடிந்த எமல்ஷனோதான். அந்தச் சுவரில் பிரஷர் வாஷர் பட்டால் திட்டுத் திட்டாக உரியும். உடனே பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் பரவாயில்லை, உரியட்டும், பெயின்டருக்குச் சுரண்டுகிற வேலை மிச்சம். சும்மா சுத்தம் செய்துவிட்டுப் பொங்கல் வரை ஓட்டலாம் என்ற திட்டமென்றால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். கையில் ஒன்றும் ஒட்டாத நல்ல எக்ஸ்டீரியர் எமல்ஷன் சுவர்தான் கழுவத் தகுந்த சுவர்.

பத்மநாபபுரம், இரணியல் பக்கம் இன்னும் நிற்கிற பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைப் பூச்சு இருக்கும். அதன் பக்கமே இந்த மெஷினைக் கொண்டுபோகாதீர்கள். பூசாத வெட்டுக்கல் சுவரும் அப்படித்தான். கல் மெத்தென்று இருக்கும், வேகத் தண்ணீர் அதைக் குடைந்துவிடும். புதிதாகப் பூசிய சிமென்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாளாவது போகட்டும்.

சுவரின் அடிப்பாகத்தில் வெள்ளையாகப் பஞ்சு போலப் பூத்திருந்தால் அது பாசி இல்லை, உப்பு. செங்கல்லுக்குள்ளும் பூச்சுக்குள்ளும் இருக்கும் உப்பு, ஈரத்தோடு வெளியே வந்து காய்ந்து நிற்கிறது. இதற்குத் தண்ணீர் அடித்தால் இன்னும் ஈரம் ஏறி, காய்ந்ததும் இரட்டிப்பாகப் பூக்கும். நல்ல வெயில் நாளில் காய்ந்த பிரஷால் தேய்த்து, உதிர்ந்ததைக் கூட்டி வாரி அப்புறப்படுத்துங்கள். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டுபிடிக்காமல் அந்த இடத்துக்கு நிரந்தரத் தீர்வு கிடையாது.

இன்னொன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். சன்ஷேடின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். துருக்கறையோடு நீளமாக வெடிப்பு ஓடினாலோ, பூச்சு உப்பி நின்றாலோ, உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்திருக்கிறது என்று பொருள். அங்கே தண்ணீரைப் பாய்ச்சினால் காங்கிரீட் கட்டியாக உங்கள் தலையில் விழும். அது கொத்தனார் வேலை. அவர் வந்து போன பிறகுதான் கழுவும் வேலை. மயிரிழை வெடிப்புகளையும் முதலில் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் வெளியே கழுவுகிற தண்ணீர் உள்ளே படுக்கையறைச் சுவரில் தெரியும்.

எந்த மாதம்?

என்னைக் கேட்டால் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். வடகிழக்கு மழை முடிந்து கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கும். காற்றில் ஈரம் குறைந்திருப்பதால் சுவர் சீக்கிரம் காயும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நன்றாக இருந்தாலும் பல கிணறுகளில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். குடிக்க வைத்திருக்கும் தண்ணீரைச் சுவரில் அடிக்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டைப் பளிச்சென்று ஆக்க நினைப்பவர்கள் நிறைய. டிசம்பரில் மழை இடைவெளி பார்த்துக் கழுவலாம், ஆனால் அப்போது பெயின்ட் அடிக்கிற அளவுக்குச் சுவர் காய்வது சந்தேகம். ஓணத்துக்கு முன் என்றாலும் அதே கதைதான்.

திசைக்கும் இதில் பங்கு உண்டு. நாம் இருப்பது ஏறத்தாழ 8 டிகிரி வடக்கு அட்சரேகையில். புரட்டாசி கடைசியிலிருந்து மாசி முடிய சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வடக்குச் சுவரில் நேர் வெயிலே விழாது. ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த வடக்குச் சுவர் மாசி வரை நிழலில் கிடக்கிறது. வீட்டிலேயே மோசமான பாசி அங்கேதான் இருக்கும். மேற்குச் சுவரை ஆனி, ஆடிச் சாரல் நேராக அடிக்கும். இந்த இரண்டையும் ஒழுங்காகக் கழுவினாலே பாதி வீடு முடிந்த மாதிரி. தெற்குக்கும் கிழக்குக்கும் பெரும்பாலும் சாதாரண ஹோஸ் தண்ணீரே போதும்.

ஆரல்வாய்மொழி, தோவாளைக்காரர்கள் மட்டும் காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் மருந்தடித்தால் சுவரில் படுவதைவிட உங்கள் முகத்தில் படுவது அதிகம்.

மெஷின்

வீட்டு உபயோகத்துக்கு 100 முதல் 130 பார் வரை சொல்லப்படும் மின்சார மெஷின் தாராளம். பார், பிஎஸ்ஐ இரண்டும் தண்ணீரின் அழுத்தத்தைச் சொல்லும் அளவுகள், 1 பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ. பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது உச்ச அழுத்தம். வேலை செய்யும்போது கிடைப்பது அதைவிடக் குறைவு, அதுவே சுவருக்குப் போதும். அழுத்தத்தைவிட நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்பதைப் பாருங்கள். 6 முதல் 7 லிட்டர் இருந்தால் அழுக்கை அடித்துக் கொண்டுபோகும். பெட்ரோல் மெஷின் வேண்டாம், புதியவர் கையில் அது சுவருக்கு ஆபத்து.

மெஷினைவிட முக்கியம் முனையில் மாட்டும் நாசில். நிறத்தை வைத்துப் பெரும்பாலும் இப்படி இருக்கும்: சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கருப்பு சோப்புக்கு. டிகிரி கூடக் கூட விசிறி அகலமாகும், வேகம் குறையும். வீட்டுச் சுவருக்கு வெள்ளை. முற்றத்துக்குப் பச்சை. சிவப்பைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். அது சிமென்டில் கோடு கிழிக்கும், மரத்தைப் பிளக்கும், தோலையும் விடாது. சில மெஷின்களில் தனித்தனி நாசிலுக்குப் பதில், முனையைத் திருகினால் கூர்மையும் விசிறியுமாக மாறும் கன் இருக்கும். அதில் எப்போதும் அகலத்தில் வைத்தே தொடங்குங்கள். சுழன்று அடிக்கும் டர்போ நாசில் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் பெயின்ட் சுவருக்கு ஆகாது.

தண்ணீரும் கரண்டும்

கன் விசையைத் தொடர்ந்து அழுத்தினால் நிமிஷத்துக்கு 6 லிட்டர் வீதம் ஒரு மணி நேரத்துக்கு 360 லிட்டர். சின்ன மாடி வீட்டை முழுக்கக் கழுவ ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று காலியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் துணி துவைக்கும் நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

மாடி டேங்கிலிருந்து வரும் குழாயில் வேகம் போதுமா என்று பார்க்க எளிய வழி: மெஷினுக்கு மாட்டப்போகும் ஹோஸை 10 லிட்டர் வாளியில் விடுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் வாளி நிறைய வேண்டும். நிறையவில்லையென்றால் பம்பு தண்ணீருக்குத் தவித்துக் கடகடவென்று சத்தம் போடும், சீக்கிரம் கெட்டும் போகும். அப்படியானால் பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதிலிருந்து இழுக்க வையுங்கள். எல்லா மெஷினும் டிரம்மிலிருந்து தானாக இழுக்காது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மெஷினின் தண்ணீர் வாயில் வடிகட்டி கட்டாயம் இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் வரும் ஒரு மணல் துணுக்கு போதும் நாசிலை அடைக்க.

போர் தண்ணீரில் இரும்பு கூடுதல் என்றால், அதாவது வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிறது என்றால், அந்தத் தண்ணீரால் வெள்ளைச் சுவரைக் கழுவாதீர்கள். பாசி போய்த் துருக்கறை வரும். கடலோரத்து உப்புத் தண்ணீரும் வேண்டாம்.

கரண்ட் விஷயத்தில் அலட்சியம் கூடாது. 1800 வாட் மெஷின் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். டிவிக்கு மாட்டும் சின்ன பிளக்கில் மாட்டாமல் பவர் பிளக்கிலேயே மாட்டுங்கள். எர்த் உள்ள மூன்று கம்பி ஒயர், நீட்டிப்பு வேண்டுமென்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனில். சுருட்டி வைத்தபடியே ஓட்டாமல் முழுக்க விரித்துவிடுங்கள், சுருளில் சூடு ஏறும். இணைப்புகள் தரையில் தண்ணீரில் கிடக்கக் கூடாது, ஒரு நாற்காலியின் மேல் வையுங்கள். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா என்று பாருங்கள், டெஸ்ட் பட்டனை அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும். அது இல்லாத வீட்டில், நனைந்த தரையில் நின்றுகொண்டு மின்சார மெஷினைப் பிடிக்காதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் போடுங்கள். போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் பக்கமும் மீட்டர் பாக்ஸ் பக்கமும் கன்னைத் திருப்பவே கூடாது.

உங்கள் உடம்பு

செருப்பு வேண்டாம், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். கண்ணுக்கு மூடிய கண்ணாடி, கையில் ரப்பர் உறை, முழுக்கை சட்டை, பேன்ட். வேட்டியும் லுங்கியும் இன்றைக்கு வேண்டாம்.

வெறும் தண்ணீர்தானே என்று கால் சேற்றைக் கன்னால் கழுவுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. இந்த வேகத்தில் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே குண்டூசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை கெட்டுப்போகத் தொடங்கியிருக்கும், விரலை இழக்கும் நிலைமைகூட வரலாம். அப்படி நடந்தால் பேண்டேஜ் ஒட்டிவிட்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். குழந்தைகளையும் நாயையும் அன்றைக்கு முற்றத்தில் விடாதீர்கள். வேலையை நிறுத்தும்போதெல்லாம் விசைப் பூட்டைப் போடுங்கள்.

ஏணியில் ஏறி நின்று கன்னைப் பிடிக்கும் யோசனையையும் இப்போதே விட்டுவிடுங்கள். விசையை அழுத்தியதும் கன் பின்னால் தள்ளும். தரையில் நிற்கும்போது அது ஒன்றும் தெரியாது, ஏணியின் மேல் அது போதும் ஆளைத் தள்ள. தரையிலிருந்து நீட்டுக் குழல் மாட்டி எட்டுகிற உயரம் வரைதான் உங்கள் வேலை. இரண்டாம் மாடிக்குச் சாரம் கட்டிப் பழகியவர்களைக் கூப்பிடுங்கள்.

மூடி வைக்க வேண்டியவை

கிணறு வீட்டை ஒட்டி இருந்தால் முதலில் அதைத் தார்ப்பாயால் மூடிக் கட்டுங்கள். சம்ப்பு மூடியும் இறுக்கமாக இருக்கட்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பெரும்பாலான வீடுகளில் மாடித் தண்ணீர் குழாய் வழியாகக் குழிக்கோ கிணற்றுக்கோ போகும். மாடியைக் கழுவும்போது அந்த இணைப்பைக் கழற்றி வெளியே திருப்பிவிடுங்கள். இதை மறந்தால் பாசியும் மருந்தும் பெயின்ட் தூளும் எல்லாம் கிணற்றுக்குள்தான்.

ஜன்னல்களைச் சாத்தி, பழைய பெட்ஷீட்டை உள்பக்கம் விரியுங்கள். வெளி சுவிட்ச், காலிங் பெல், கேமரா, லைட் எல்லாவற்றையும் பாலித்தீன் கவர் சுற்றி டேப் ஒட்டுங்கள், அந்த லைன்களின் பியூஸையும் இறக்கிவிடுங்கள். ஏசியின் வெளி யூனிட்டில் இருக்கும் மெல்லிய தகடுகள் நேரடித் தண்ணீரில் மடங்கிவிடும், அதையும் மூடுங்கள். அயனி, தேக்கு மரக் கதவு ஜன்னல்களுக்கு மெஷின் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

சுவரோரம் நிற்கும் மட்டி வாழை, செம்பருத்தி, நல்லமிளகுக் கொடி எல்லாவற்றையும் மருந்தடிக்கும் முன் நல்ல தண்ணீரால் நன்றாக நனைத்துவிடுங்கள். ஏற்கெனவே நனைந்த இலையும் வேரும் மருந்துத் தண்ணீரை அதிகம் இழுக்காது. வேலை முடிந்ததும் மறுபடி ஒருமுறை. மீன் தொட்டியோ ஆம்பல் தொட்டியோ இருந்தால் தூரமாக நகர்த்துங்கள், மருந்தில் இருக்கும் குளோரின் மீன்களைக் கொன்றுவிடும்.

பாசிக்கு மருந்து

கடையில் கிடைக்கும் திரவ பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், லேபிளில் 4 அல்லது 5 சதவீதம் என்று இருப்பதை எடுத்தால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். பாசி லேசாக இருந்தால் எட்டுப் பங்கு தண்ணீர்கூடப் போதும். கேனில் விற்கும் 10 சதவீதச் சரக்கு என்றால் தண்ணீரை இரட்டிப்பாக்குங்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம் சேர்த்தால் கலவை சுவரில் ஒட்டி நிற்கும், வழிந்து ஓடாது. கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்தும் அடிக்கலாம்தான், ஆனால் அடியில் தங்கும் வண்டல் ஸ்பிரேயரை அடைக்கும், சுவரில் வெள்ளையாகவும் படியும். திரவமே நல்லது. பழைய பாட்டிலில் வீரியம் குறைந்திருக்கும், அதனால் புதிதாக வாங்குங்கள்.

தண்ணீரும் அந்த லிக்விடும் தவிர பிளீச்சோடு வேறு எதையும் கலக்காதீர்கள். குறிப்பாக டாய்லெட் கழுவும் ஆசிட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைப் பதம் பார்க்கும். சில பேர் சுவர்ப் பாசிக்கு ஆசிட்டையே அடிக்கச் சொல்வார்கள். பாசி போகும், கூடவே சிமென்டும் கரையும். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

கலவையை மெஷினில் ஊற்றாதீர்கள், பம்பின் ரப்பர் வளையங்கள் கெடும். தனியாக ஒரு கை ஸ்பிரேயர் வாங்குங்கள். தோட்டத்துக்குப் பூச்சி மருந்து அடித்த பழைய ஸ்பிரேயர் வேண்டாம், உள்ளே மிச்சமிருக்கும் மருந்தோடு பிளீச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க இது இடமில்லை.

வீட்டின் பின்பக்கம் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் இரண்டடிச் சதுரத்தில் முதலில் அடித்துப் பாருங்கள். அடர்ந்த நிறச் சுவர் வெளுக்கிறதா என்று தெரிந்துவிடும். சரி என்றால் தொடங்கலாம்.

வெயில் படாத சுவராகப் பார்த்துத் தொடங்குங்கள். காலையில் மேற்கு, மாலையில் கிழக்கு. காய்ந்த சுவரில் மருந்து சீக்கிரம் உலர்ந்து திட்டாகும், அதனால் லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். மருந்தைக் கீழிருந்து மேலே அடித்துக்கொண்டு போங்கள். மேலிருந்து அடித்தால் காய்ந்த இடத்தில் வழியும் கோடுகள் அப்படியே தங்கிவிடும். பத்து முதல் பதினைந்து நிமிஷம் ஊறட்டும். இடையில் காய்வது போலத் தெரிந்தால் மறுபடி லேசாக அடியுங்கள். பச்சை, பழுப்பாக மாறி வெளுக்கும். தடித்த பாசி உள்ள இடத்தில் நைலான் பிரஷால் ஒரு தேய் தேய்த்துவிடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துணுக்குகள் சுவரில் சிக்கித் துருப்பிடிக்கும். ஒரே நேரத்தில் வீடு முழுக்க அடித்து வைக்காதீர்கள். பத்தடி அகலம் அடித்து, அதை அலசி முடித்துவிட்டு அடுத்த பத்தடி.

இனி மெஷின்

ஹோஸை மாட்டி, தண்ணீரைத் திறந்து, மெஷினைப் போடாமலே கன் விசையை அழுத்துங்கள். முதலில் புஸ் புஸ் என்று காற்று வரும், பிறகு ஒரே சீராகத் தண்ணீர் வரும். அதற்கு அப்புறம்தான் சுவிட்ச். காற்றோடு ஓடவிட்டால் பம்பு காலி.

புதியவர்கள் முதல் அரை மணி நேரத்தை மதிலின் உள்பக்கத்திலோ முற்றத்திலோ செலவழியுங்கள். கை பழகட்டும். அதன் பிறகு வீட்டுச் சுவருக்கு வந்தால், வெள்ளை நாசிலோடு நாலடி தூரத்தில் நின்று தொடங்குங்கள். அழுக்கு நகரவில்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வாருங்கள். இரண்டடிக்கு உள்ளே வர வேண்டிய நிலை வந்தால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். மறுபடி மருந்தடியுங்கள், கிட்டே போகாதீர்கள்.

அலசுவது மேலிருந்து கீழே. கன்னைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். விசையைச் சுவருக்கு வெளியே அழுத்தி, பிறகு சுவருக்குக் கொண்டுவாருங்கள். சுவரில் குறிவைத்து அழுத்தினால் அந்த முதல் அடி ஒரு புள்ளியாகத் தெரியும். கை ஒரே வேகத்தில் பக்கவாட்டில் போக வேண்டும், ஒரு வரிசை முந்தின வரிசையின் மேல் கால்வாசி ஏற வேண்டும். எங்கேயும் நிறுத்தாதீர்கள். கீழிருந்து மேல்நோக்கி எங்கேயும் அடிக்காதீர்கள், குறிப்பாக ஜன்னல் விளிம்பிலும் சன்ஷேடு சேரும் இடத்திலும். தண்ணீர் இடுக்கு வழியாக உள்ளே ஏறிவிடும்.

கல்குளம், விளவங்கோடு பக்கம் செம்மண் தெறித்துச் சுவரின் அடி இரண்டடி உயரத்துக்குச் சிவந்திருக்கும். அதற்கு பிளீச் வேலை செய்யாது. சோப்புத் தண்ணீர் தடவி, ஊறவிட்டு, பிரஷால் தேய்த்து அலசினால் பெரும்பகுதி போகும். கிரில்லிலிருந்து வழிந்த துருக்கறைக்கும் பிளீச் ஆகாது. அதற்கு ஆக்ஸாலிக் ஆசிட் உண்டு, ஆனால் பிளீச் அடித்த அன்றைக்கு அது கூடாது. சுவரை நன்றாக அலசி, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை மெஷினை நிறுத்தி ஆறவிடுங்கள். மோட்டார் முனகி வேகம் குறைந்தால் வோல்டேஜ் குறைவு, அப்போது ஓட்டாதீர்கள்.

முற்றம், மாடி, ஓடு

முற்றத்தில்தான் இந்த மெஷினின் உண்மையான பயன். சிமென்ட் முற்றமும் கிரானைட் படியும் பச்சை நாசிலைத் தாராளமாகத் தாங்கும். மழைக்காலத்தில் வீட்டுப் பெரியவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் நேரம் கம்மி என்றால் சுவரை விட்டுவிட்டு முற்றத்தையாவது முடியுங்கள். மருந்தடித்து ஊறவைக்கும் முறை இங்கேயும் அதேதான். இன்டர்லாக் கல் போட்டிருந்தால் கன்னைச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் இடுக்கு மணல் முழுக்கப் பறந்து, கல் ஆட்டம் கொடுக்கும். எப்படி அடித்தாலும் கொஞ்சம் மணல் போகும். காய்ந்ததும் சலித்த மணலைக் கொட்டி வாரியலால் இடுக்குகளில் தள்ளிவிடுங்கள்.

மொட்டை மாடியில் தட்டோடு பதித்திருந்தால் எச்சரிக்கை. ஓடுகளுக்கு நடுவே இருக்கும் பூச்சு பழையதாக இருந்தால் தண்ணீர் வேகத்தில் கழன்று வரும், அடுத்த மழைக்கு வீட்டுக்குள் ஒழுகும். அங்கே மருந்தும் ஈர்க்கு வாரியலும்தான் நல்லது. வாட்டர்புரூஃப் கோட்டிங் அடித்த மாடியும் அப்படியே.

ஓட்டு வீட்டுக் கூரைக்கு இந்த மெஷினை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓடு தண்ணீரை மேலிருந்து கீழே வழியவிடத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. கீழே நின்று மேல்நோக்கி அடித்தால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து, ஓட்டைத் தாங்கும் மரங்களான பட்டியலையும் கழுக்கோலையும் நனைக்கும். மேலே ஏறினால் ஓடு உடையும், பாசியில் கால் வழுக்கும். ஓடு மேய்கிறவரை வைத்து மாற்றும்போது ஒவ்வொன்றாக இறக்கித் தேய்த்துக் கழுவிக்கொள்ளலாம்.

முடிந்த பிறகு

செடிகளுக்கு மறுபடி தண்ணீர். கவர்களைக் கழற்றுங்கள். கிணற்றுத் தார்ப்பாயைத் தூக்கும்போது அதன் மேல் தேங்கிய தண்ணீர் உள்ளே சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைநீர்க் குழாயை ஒரு நல்ல மழைக்குப் பிறகு மீண்டும் இணைத்தால் போதும்.

பெயின்ட் அடிப்பதாக இருந்தால் பிப்ரவரி வெயிலில் மூன்று நாளாவது காயவிடுங்கள், நிழல் சுவருக்கு இன்னும் கூடுதல். பெயின்டர் அவசரப்படுத்துவார். சுவரில் ஒரு பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலையில் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

கழுவிய சுவர் ஆறு மாதத்தில் மறுபடி கருத்தால் குறை கழுவியதில் இருக்காது. டேங்க் நிரம்பி வழிந்து ஒரே இடத்தில் ஓடுகிறதா, ஏசித் தண்ணீர் சுவரில் சொட்டுகிறதா, பலாக்கிளை சுவரை உரசி நிழல் போடுகிறதா என்று பாருங்கள். அதைச் சரி செய்தால் அடுத்த முறை மருந்து பாதி போதும்.

மெஷினில் கடைசியாக நல்ல தண்ணீரை இரண்டு நிமிஷம் ஓடவிடுங்கள். பிறகு சுவிட்சை அணைத்து, குழாயை மூடி, கன் விசையை அழுத்தி உள்ளே தங்கிய அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே ஹோஸைக் கழற்றுங்கள். வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். கடலோர வீடுகளில் மெஷினைத் திறந்த கார் ஷெட்டில் வைக்காமல் உள்ளே வையுங்கள், உப்புக் காற்றில் இணைப்புகள் இறுகிவிடும். இரவல் வாங்கிய மெஷின் என்றால் ஹோஸை மடிப்பு விழாமல் பெரிய வளையமாகச் சுற்றி, நாசில்களை எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். காணாமல் போவது பெரும்பாலும் அந்த வெள்ளை நாசில்தான்.